சிக்னல் எரியவில்லை என்றால் யார் வருவார்கள்?

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிக்னல் அமைத்துப் பராமரிக்கும் ஒப்பந்தக் குழுக்களை மேற்பார்வை பார்ப்பது பல வருடம் என் வேலை. "ரோட்டைக் கடக்க முடியவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், நீங்களே பேசிவிடுங்கள் சார்" என்றார் நம் செயலாளர். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: வெயிலிலும் மழையிலும் நிற்கும் சிக்னல் என்றைக்காவது பழுதாகும். எத்தனை நாள் பழுதாகவே கிடக்கும் என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

முதலில், அந்தக் கம்பம் யாருடையது? எத்தனை விநாடி பச்சை, எத்தனை விநாடி சிவப்பு என்பதைப் பார்ப்பது போக்குவரத்துப் போலீஸ். சாலைக்குச் சொந்தக்காரர் வேறு. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. தாம்பரம் - வேளச்சேரி சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. உள்தெருக்கள் மாநகராட்சி. கரன்ட் மின்வாரியம். ஏணியில் ஏறுபவர் ஒப்பந்ததாரரின் ஆள். இத்தனை பேருக்கு நடுவே ஒரு புகார் சுற்றிக்கொண்டே இருக்கலாம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1 முதல் தனிப் போலீஸ் கமிஷனரகமும் வந்தது. சிக்னல் விஷயமாக மனு கொடுக்க இப்போது நாம் நகரத்துக்குள் போக வேண்டியதில்லை.

ஒரு குழுவில் சாதாரணமாக நான்கைந்து பேர் இருப்பார்கள்: சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன், ஹெல்பர், லிப்ட் வண்டி டிரைவர், கூடவே கொடி பிடித்து வண்டிகளை ஒதுக்கிவிட ஒருவர். இந்தக் கடைசி ஆளைத்தான் செலவு என்று குறைக்கப் பார்ப்பார்கள். ஆனால் மேலே இருப்பவரின் உயிர் அவர் கையில். கோன் வைத்து, ஜாக்கெட் போட்டு, மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வயரைத் தொட வேண்டும். பீக் அவரில் சாலையை மறிக்க முடியாது என்பதால் பெரிய வேலைகள் இரவில் நடக்கும். காலி ரோடு என்று வேகமாக வரும் வண்டிகளும் அப்போதுதான் அதிகம். கோன் தெரிந்தால் தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள்.

சிக்னலால் வரும் ஆபத்து சிக்னலைப் போலவே பழையது. 1868 டிசம்பரில் லண்டனில் நாடாளுமன்றம் அருகே உலகின் முதல் போக்குவரத்து சிக்னலை வைத்தார்கள். கேஸ் விளக்கு; ஒரு போலீஸ்காரர் கையால் இயக்குவார். அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து, இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார்.

இன்றைய சிக்னலின் மூளை, சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர். குறுக்கே வரும் இரண்டு பக்கங்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுகிற மாதிரி கோளாறு வந்தால், அது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மஞ்சளைச் சிமிட்டும். பலர் அதை "ஃப்ரீ சிக்னல்" என்று நினைத்துப் பறக்கிறார்கள். மெதுவாக, இரு பக்கமும் பார்த்துப் போங்கள் என்பதே அதன் பொருள். ராத்திரி வண்டி குறைந்த நேரத்தில் வேண்டுமென்றே மஞ்சளில் விடுவதும் உண்டு. பகலில் நெரிசல் நேரத்தில் சிமிட்டினால் புகார் கொடுங்கள்.

பழுதுக்கு நான் அதிகம் பார்த்த காரணங்கள் மூன்று: தண்ணீர், எலி, தோண்டுதல். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பருக்குள் கேபிள் குழிகளைச் சுத்தம் செய்து, பெட்டியின் ஓட்டைகளை அடைத்து, எர்த்திங்கை அளந்து, விளக்கை மறைக்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு, பெட்டியின் மேடை ஏன் உயரமாக இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் தேங்கியிருக்கும்போது கம்பத்தையோ பெட்டியையோ யாரும் தொடக் கூடாது. குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். நம் வளாகத்துக்காகச் சாலையோரம் தோண்டும் வேலை வந்தால், கீழே சிக்னல் கேபிள் போகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு கடப்பாரை போதும், சந்திப்பே நின்றுவிடும்.

அடுத்தது, நம் பெரியவர்கள் கேட்கும் கேள்வி: "பாதி ரோடு போவதற்குள் பச்சை போய்விடுகிறதே?" நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 24 மீட்டர் சாலைக்கு 20 விநாடி. முழங்கால் வலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு அதே சாலை 30 விநாடி. அந்தப் பத்து விநாடி அவர் வண்டிகளுக்கு நடுவே நிற்கிறார். விநாடிகளை மாற்ற கன்ட்ரோலரில் செட்டிங் மாற்றினால் போதும். புதுக் கம்பம் வேண்டாம். ஆனால் நடப்பவருக்குக் கூட்டினால் வண்டிகளுக்குக் குறையும். அதனால் போலீஸ் காரணம் கேட்கும். காரணத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு வேலைகள்.

ஒன்று, புகாரைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "சிக்னல் வேலை செய்யவில்லை" என்றால் குழு வந்து பார்த்துவிட்டு, சாமான் எடுக்கத் திரும்பிப் போகும். "கேம்ப் ரோடு சந்திப்பு, மேடவாக்கத்திலிருந்து வரும் பக்கம், பச்சை மட்டும் எரியவில்லை, காலை எட்டு மணி" என்றால், தேவையான சாமானோடு வந்து ஒரே நடையில் முடிப்பார்கள். நடைபாதையில் நின்று ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. சுற்றிலும் கரன்டே இல்லையென்றால் அது மின்வாரியத்துக்கான புகார். கம்பம் சாய்ந்தாலோ வயர் தொங்கினாலோ காத்திருக்காமல் 112-க்குச் சொல்லுங்கள்.

இரண்டு, நம்மில் நான்கு பேர் ஒரு வாரம், காலை ஒரு மணி நேரம், நாம் கடக்கும் சந்திப்பில் நிற்க வேண்டும். எத்தனை முதியவர்கள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள், எத்தனை பேர் நடுவில் மாட்டுகிறார்கள், பச்சை எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் எழுதுங்கள். அந்தத் தாளோடு சங்கத்தின் கடிதத்தையும் சேர்த்துப் போக்குவரத்துப் பிரிவில் கொடுப்போம். ஒப்புகை வாங்கி வைப்போம். கோபமான கடிதத்தைவிட எண்ணிக்கை உள்ள தாள் அதிகாரிக்கும் உதவும்: அவரும் மேலே காட்டியாக வேண்டும்.

எண்ணுவதற்கு வர விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலக நோட்டில் பெயர் எழுதுங்கள்.