கேள்வி கேக்குறவன் துரோகி இல்ல: ஈராக் போரும் பிளேரின் கட்சியும்

(ஐடி விங் மாவட்டப் பயிற்சி முகாமில் நம் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு பகிருங்க தோழர்களே.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு "கட்சிக்குள் கருத்து வேறுபாடு". இதை நம்ம ஊர் உதாரணம் வச்சுப் பேசினா, யாரைக் குத்திக் காட்டுறான்னு பாதிப் பேர் தேட ஆரம்பிச்சிடுவீங்க. அதனால கடல் தாண்டிப் போறேன். நாடு பிரிட்டன். கட்சி தொழிலாளர் கட்சி. தலைவர் டோனி பிளேர். பிரச்சினை 2003 ஈராக் போர்.

பிளேர் அந்தக் கட்சிக்கு யாருன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். தொடர்ந்து நாலு பொதுத் தேர்தல்ல தோத்து, 18 வருஷம் எதிர்க்கட்சி வரிசையில உக்காந்திருந்த கட்சி அது. 1997-ல பிளேர் தலைமையில 418 இடம் ஜெயிச்சாங்க. 2001-லயும் 400-க்கு மேல. அவர் கொள்கை பிடிக்காத இடதுசாரித் தொண்டர்கள்கூட, "எங்களை ஜெயிக்க வச்சவர்"னு மரியாதை வச்சிருந்தாங்க. அப்படி ஒரு தலைவர்.

2002 செப்டம்பர்ல பிளேர் அரசு ஒரு ஆவணம் வெளியிட்டுச்சு. சதாம் உசேன்கிட்ட பேரழிவு ஆயுதங்கள் இருக்கு, சிலதை 45 நிமிஷத்துல பயன்படுத்தத் தயார் பண்ண முடியும்னு அதுல இருந்துச்சு. அமெரிக்க அதிபர் புஷ் போருக்குத் தயாராகிட்டு இருந்தார். பிளேர் அவர் பக்கம் நின்னார். கட்சிக்காரங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் இன்னும் வேலை பாத்துட்டு இருக்காங்களே, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தெளிவா அனுமதி கொடுக்கலையே, அப்புறம் ஏன் இவ்வளவு அவசரம்?

2003 பிப்ரவரி 15. லண்டன்ல பேரணி. காவல்துறை கணக்கே ஏழரை லட்சம். நடத்தினவங்க அதைவிட ரொம்ப அதிகம்னு சொன்னாங்க. அந்தக் கூட்டத்துல தொழிலாளர் கட்சிக்கு வருஷக்கணக்கா வீடு வீடா ஏறி இறங்கி ஓட்டு கேட்டவங்களும் நடந்தாங்க. அதே நாள் பிளேர் கிளாஸ்கோவுல கட்சி மாநாட்டுல பேசிட்டு இருந்தார். அங்கயும் வெளியே பேரணி.

பிப்ரவரி 26-ம் தேதி நாடாளுமன்றத்துல, போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படலைன்னு ஒரு திருத்தம் வந்துச்சு. ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 120 பேருக்கும் மேல அதை ஆதரிச்சாங்க. மார்ச் 18-ல கடைசி வாக்கெடுப்பு. அன்னைக்குப் போர் எதிர்ப்புத் திருத்தத்தை ஆதரிச்ச ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 139 பேர். நூறு வருஷத்துக்கும் மேல அந்த நாடாளுமன்றம் பாக்காத கலகம். கடைசியில தீர்மானம் 412-க்கு 149-ன்னு நிறைவேறுச்சு. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி பெரும்பாலும் பிளேருக்கு ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு. சொந்தக் கட்சி கொதிக்குது, எதிர்க்கட்சி கைதட்டுது. ஒரு தலைவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை மணி என்ன இருக்கு?

அதுக்கு முந்தின நாள் நடந்ததுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ராபின் குக். 1997-லேர்ந்து 2001 வரைக்கும் வெளியுறவு அமைச்சர், அப்புறம் அவை முன்னவர். மார்ச் 17 அன்னைக்கு ராஜினாமா பண்ணிட்டு, பின் வரிசையில நின்னு பேசினார். பொதுவா எல்லாரும் புரிஞ்சுக்கிற அர்த்தத்துல ஈராக்கிட்ட பேரழிவு ஆயுதம் அநேகமா இல்லைன்னு சொன்னார். அடுத்த வருஷம் அமெரிக்காவே அனுப்பின ஆய்வுக் குழு, ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லைன்னு அறிக்கை கொடுத்துச்சு.

குக் அதே பேச்சுல இன்னொன்னும் சொன்னார். என் வாழ்நாள்ல இந்தக் கட்சி கண்ட வெற்றிகரமான தலைவர் பிளேர்தான், அவரே தொடரணும், இந்த நெருக்கடியை வச்சு அவரைக் கவுக்கப் பாக்குறவங்களுக்கு நான் துணை போக மாட்டேன்னார். முடிவு தப்புன்னு சொன்னார். பதவியை விட்டார். தலைவரை அசிங்கப்படுத்தலை, கட்சியையும் விட்டுப் போகலை. கைதட்டுற வழக்கமே இல்லாத அந்த அவையில எழுந்து நின்னு கைதட்டினாங்க.

கட்டுப்பாடு வேண்டாமான்னு நீங்க கேப்பீங்க. வேணும். குக் காட்டினதுதான் கட்டுப்பாடு. அமைச்சரவையில இருந்துக்கிட்டே அமைச்சரவை முடிவை எதிர்க்க முடியாது, அதனால வெளிய வந்து பேசினார். இன்னொரு அமைச்சர் கிளேர் ஷார்ட், போருக்கு முன்னாடியே பிளேர் பொறுப்பில்லாம நடந்துக்கிறார்னு வானொலியில சொன்னாங்க. ஆனா பதவியில இருந்தாங்க, போருக்கு ஆதரவாவும் ஓட்டுப் போட்டாங்க. மே மாசம்தான் ராஜினாமா. ரெண்டு பேருக்குமே அதிருப்திதான். ஆனா குக் பேச்சை இன்னைக்கும் எடுத்துக் காட்டுறாங்க. எதிர்ப்புன்னா சொல்லும் செயலும் ஒண்ணா இருக்கணும்.

பிளேர் பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். சதாம் கொடுங்கோலன், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. 1999-ல கொசோவோவுல தலையிட்டப்போ பிளேரைப் பாராட்டினவங்க நிறைய. போருக்கு முன்னாடி நாடாளுமன்றத்துல ஓட்டெடுப்பு நடத்தினதும் அவர்தான். சண்டை தொடங்கினதும் கருத்துக்கணிப்புகள்ல ஆதரவு கூடவும் செஞ்சது. "பாத்தியா, மக்கள் நம்ம பக்கம்"னு தலைமைக்கு அப்போ தோணியிருக்கும். ஆயுதம் கிடைக்கலைன்னதும் எல்லாம் மாறிப் போச்சு.

இப்போ நம்ம ஐடி விங்குக்கு வர்றேன். மென்பொருள் வேலை பாக்குறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஆப்ல ஒரு கோளாறு. ஒருத்தன் நேரம் செலவழிச்சு பக் ரிப்போர்ட் எழுதி அனுப்புறான். இன்னொருத்தன் ஒண்ணும் சொல்லாம அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடறான். இவங்கள்ல யார் நம்மாளு? ரிப்போர்ட் அனுப்பினவன்தான். அவனுக்கு இந்த ஆப் இன்னும் வேணும். போனவன் ஏன் போனான்னுகூட நமக்குத் தெரியாது.

தொழிலாளர் கட்சியில நிறைய பேர் அப்படித்தான் போனாங்க. 1997-ல சுமார் 4 லட்சம் உறுப்பினர்கள். 2005 முடிவுல 2 லட்சத்துக்கும் கீழ. எல்லாத்துக்கும் ஈராக் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா போருக்காக உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தவங்க கொஞ்சநஞ்சம் இல்ல. கதவைத் தட்டி ஓட்டு கேட்க ஆள் இல்லாமப் போச்சு.

2005 தேர்தல்ல கட்சி ஜெயிச்சது. ஆனா வாக்கு 35 சதவீதம்தான். பெரும்பான்மை 160-க்கு மேல இருந்தது 66-க்கு இறங்கிச்சு. போரை எதிர்த்த லிபரல் டெமாக்ரட் கட்சி, கேம்பிரிட்ஜ் மாதிரி பல்கலைக்கழக ஊரைப் பறிச்சுக்கிச்சு. போரைப் பத்திப் பேசின பேச்சுக்காகக் கட்சி நீக்கின ஜார்ஜ் காலோவே, கிழக்கு லண்டன்ல வேற கட்சியில நின்னு சொந்தக் கட்சி எம்.பி.யையே தோக்கடிச்சார். பிளேரோட சொந்தத் தொகுதி செட்ஜ்ஃபீல்டுல, ஈராக்ல மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா சுயேச்சையா நின்னார். 4,000-க்கு மேல ஓட்டு வாங்கினார். முடிவு அறிவிச்ச மேடையில அவர் பேசப் பேச, பிளேர் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார்.

அப்பவும் தலைமைக்குக் காது திறக்கலை. 2005 செப்டம்பர், பிரைட்டன்ல கட்சி மாநாடு. வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா ஈராக் பத்திப் பேசுறார். 82 வயசு வால்டர் வுல்ஃப்கேங் உக்காந்த இடத்துலேர்ந்து "அபத்தம்"னு குரல் கொடுத்தார். ஹிட்லர் காலத்துல ஜெர்மனியிலேர்ந்து தப்பி வந்தவர். 1940-கள்லேர்ந்து கட்சி உறுப்பினர். அவரைக் கூட்டத்துல இருந்து இழுத்து வெளிய தள்ளினாங்க. திரும்ப உள்ள வரப் பாத்தப்போ போலீஸ் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி நிறுத்துச்சு. நாடே கொந்தளிச்சது. பிளேர் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அரங்குக்குத் திரும்பின பெரியவருக்கு எழுந்து நின்னு கைதட்டினாங்க. அடுத்த வருஷம் உறுப்பினர்கள் அவரைக் கட்சியோட தேசிய செயற்குழுவுக்கே தேர்ந்தெடுத்து அனுப்பினாங்க. தொண்டன் குடுத்த பதில் அது.

2006-ல லெபனான் போர். உடனடிப் போர்நிறுத்தம் வேணும்னு பிளேர் கேட்கலை. பழைய காயம் திரும்பத் திறந்துச்சு. செப்டம்பர்ல அவருக்கு ஆதரவா இருந்த இளம் எம்.பி.க்களே விலகச் சொல்லிக் கடிதம் எழுதினாங்க. ஒரு வருஷத்துக்குள்ள போயிடறேன்னு அறிவிச்சு, 2007 ஜூன்ல போனார். மூணு தேர்தல் ஜெயிச்ச தலைவரை எதிர்க்கட்சி இறக்கலை, சொந்தக் கட்சிதான் இறக்கிச்சு.

2016 ஜூலை 6-ம் தேதி சில்காட் விசாரணை அறிக்கை வந்தது. 12 தொகுதி, 26 லட்சம் சொல். அமைதி வழிகள் எல்லாத்தையும் முயற்சி பண்ணி முடிக்கறதுக்கு முன்னாடியே போருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுச்சு. 2003-ல தொண்டன் தெருவுல நின்னு கேட்ட அதே விஷயம். அதைச் சொல்ல 13 வருஷமும் 179 பிரிட்டிஷ் ராணுவத்தினர் உயிரும் எண்ணி முடியாத ஈராக் மக்கள் உயிரும் ஆச்சு. அன்னைக்குக் கட்சி சார்புல மன்னிப்புக் கேட்டது யார் தெரியுமா? அந்த 139 பேர்ல ஒருத்தரான ஜெரமி கோர்பின். அப்போ அவர்தான் கட்சித் தலைவர்.

தோழர்களே, நம்ம கையில போன் இருக்கு, குரூப் இருக்கு, பேஜ் இருக்கு. நம்ம ஆள் ஒருத்தன் தலைமைகிட்ட ஒரு கேள்வி கேட்டா, "ஸ்லீப்பர் செல்", "பி டீம்", "காசு வாங்கிட்டான்"னு முத்திரை குத்த நமக்கு அஞ்சு நிமிஷம் போதும். அப்படிக் குத்தினதும் அந்தக் கேள்வி செத்துப் போகாது. கேட்டவன்தான் போயிடுவான். அவனோட நாலு ஓட்டும் போகும், பூத்துல உக்கார ஒரு ஆளும் குறையும்.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். கட்சிக்காரன் கேக்குற கேள்விக்குப் பதில் இருந்தா ஆதாரத்தோட பதில் சொல்லுங்க. பதில் இல்லைன்னா அந்தக் கேள்வியை அப்படியே மேல அனுப்புங்க. எதிரிக்கு மீம் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. நம்ம ஆளுக்குப் போடாதீங்க.