வாய்விட்டுப் படிப்போம்



சத்தியவேடு பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமிழ். மகள் பள்ளியில் படிப்பது தெலுங்கு. அம்மா இரவு வகுப்பில் கற்றது தமிழ் எழுத்து. தாத்தாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆடு மேய்த்தே அவர் காலம் போனது.

சத்தியவேடு வட்டாரம் 1960-ல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்கு மாறியது. எல்லை மாறியது. பல வீடுகளில் பேச்சு மாறவில்லை. அதனால் ஒரே வீட்டில் இரண்டு எழுத்து. ஒருவர் புத்தகத்தை மற்றவர் படிக்க முடியாது. ஆனால் வாய்விட்டுப் படித்தால்? எல்லோருக்கும் புரியும். காதுக்கு எழுத்து தேவையில்லை.

அந்த வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது. பெயர் ராபின்சன் குரூசோ. 1719-ல் இங்கிலாந்தில் டேனியல் டீஃபோ எழுதிய கதை. தமிழில் சுருக்கமாகவும் வந்திருக்கிறது. கப்பல் உடைகிறது. குரூசோ மட்டும் பிழைத்து, ஆளில்லாத தீவில் கரை சேருகிறான். 28 ஆண்டுகள் அங்கே வாழ்கிறான்.

"படிம்மா" என்கிறாள் மகள்.

அம்மாவுக்குக் கூச்சம். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகள் சிரித்துவிட்டால்? இந்தப் பயத்தால் பலர் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். மூடி வைத்தால் கற்ற எழுத்து மறந்து போகும். இரவெல்லாம் பட்ட பாடு வீணாகும்.

அந்த அம்மா மூடவில்லை. மெதுவாகப் படிக்கிறாள்.

குரூசோ நிலத்தைக் கொத்துகிறான். கையில் இருக்கும் தானியத்தை விதைக்கிறான். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அம்மா நிறுத்துகிறாள். "ஏன் முளைக்கவில்லை?" என்று கேட்கிறாள்.

"மழை போன பிறகு விதைத்தால் எப்படி முளைக்கும்?" என்கிறார் தாத்தா.

பக்கத்தைப் புரட்டினால் அதே பதில்! மீதி விதையை மழைக்கு முன் விதைக்கிறான். பயிர் நன்றாக வருகிறது.

பிறகு குழி வெட்டிக் காட்டு ஆடு பிடிக்கிறான். கிழக் கிடா முரண்டு பிடிக்கிறது. அதை விட்டுவிடுகிறான். குட்டிகளுக்குத் தீனி கொடுத்துப் பழக்குகிறான். கேட்ட தாத்தாவுக்கு உற்சாகம். உப்பலமடுகு மலைப் பக்கம், காணாமல் போன ஆட்டைத் தேடி அலைந்த கதையைச் சொல்கிறார். மகள் கண் கொட்டாமல் கேட்கிறாள். அம்மா எழுத்துக் கூட்டியதை அவள் கவனிக்கவே இல்லை.

வெளிநாட்டிலும் ஒரு வீட்டில் இப்படி நடந்தது. 1881-ல் ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற ஊர். விடாத மழை. வீட்டிலிருந்த சிறுவன் படம் வரைந்து பொழுது போக்கினான். அவன் அம்மாவை மணந்தவர் எழுத்தாளர் ஸ்டீவன்சன். அவரும் உட்கார்ந்து ஒரு தீவின் படம் வரைந்தார். அதிலிருந்து 'புதையல் தீவு' என்ற கதை பிறந்தது. எழுத எழுத, வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார்.

ஸ்டீவன்சனின் அப்பா கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். கடலை அறிந்தவர். அவரும் கதை கேட்டார். சும்மா இருக்கவில்லை. கதையில் வரும் கிழ மாலுமியின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். மகன் அதை அப்படியே கதையில் சேர்த்தார். 1883-ல் அது புத்தகமாக வந்தது.

பார்த்தீர்களா? கேட்பவரும் கதைக்குக் கொடுக்கிறார். காடு, கடல், மழை, ஆடு பற்றிய கதையில் உழைக்கும் மக்களுக்குத் தெரியாதது குறைவு. பிறகு ஏன் கூச்சம்?

இரவுச் சோறு முடிந்ததும் ஒரு பக்கம் போதும். எல்லோரும் விளக்கடியில் உட்காருங்கள். தெரியாத எழுத்து வந்தால் நின்று, கூட்டிப் படியுங்கள். விதைப்பு, ஆடு, காற்று என்று வந்தால் பெரியவர்களைக் கேளுங்கள். மறுநாள் மகள் தன் தெலுங்குப் புத்தகத்தைப் படிக்கட்டும். தமிழில் கதை சொல்லட்டும். சுவையான இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த நாள் குழந்தையே புத்தகத்தை எடுத்து வரும்.

இன்று இரவே தொடங்குங்கள்.