அம்மா போட்ட கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது என் தொழிலைப் பற்றி, மோட்டார், டிரைவ் என்று ஏதாவது சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் வகுப்புத் தோழன் ஒருவனிடம் போனில் பேசியது தலைப்பை மாற்றிவிட்டது. ராஜபாளையம் பக்கம் மில் நடத்துகிறான். இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன். "ஆளே கிடைக்கலடா, அரிசியையும் காசையும் இலவசமாக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்றான். நம்மில் பலர் சொல்வதுதான். நானும் சொல்லியிருப்பேன், எங்கள் வீட்டில் நடந்ததை மறந்திருந்தால்.

என் ஊர் சுந்தரபாண்டியம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு போகிற வழி. அப்பா கைத்தறி நெசவு, அம்மா தார் சுற்றிக் கொடுப்பார். 2010-ல் நான் இங்கே படித்துக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வேன் வந்தது. மாதம் 4,000 ரூபாய். தார் சுற்றி அம்மாவுக்குக் கிடைத்தது 800. அப்பாவுக்கு நெசவில் 3,500. யாராக இருந்தாலும் மறுநாளே வேனில் ஏறியிருப்பார்கள். அம்மா ஏறவில்லை.

காரணம், அப்பாவின் இதயத்தில் வால்வு கோளாறு. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் கார்டு வாங்கி, மதுரையில் ஆபரேஷனுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் கார்டுக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வாய்க்கணக்காகப் போட்டார். இப்போது மாதம் 4,300, வருஷத்துக்கு 51,600. மில்லுக்குப் போனால் மாதம் 7,500, வருஷத்துக்கு 90,000. கார்டு போச்சு. கூடுதலாக வரும் 3,200 ரூபாயைச் சேர்த்து வைத்து வால்வு மாற்ற எத்தனை வருஷம் ஆகும்? அப்பா அத்தனை வருஷம் இருப்பாரா?

இந்தக் கணக்கில் நான் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அப்போது இன்ஜினீயரிங் மாணவன், ஞாபகம் இருக்கட்டும்!

ஆனால் அம்மாவுக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, கார்டு கொடுத்தபின் மாதாமாதம் யாரும் வந்து சம்பளம் விசாரிக்கப் போவதில்லை. இரண்டாவதுதான் பெரியது. மில் வேலைக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பெண்ணாக இருந்தால் அவர் கணவருக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். சேர்ந்த நாளிலிருந்தே சந்தா பிடிக்க வேண்டும் என்பது சட்டம். வேனில் வந்த மேஸ்திரியிடம் அம்மா கேட்டுப் பார்த்திருக்கிறார். "முதல் ஆறு மாசம் கையில காசு, ஈ.எஸ்.ஐ. எல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில். அதற்குமேல் அவர் என்ன செய்வார்? பெரிய ஆபரேஷன் என்றால் ஈ.எஸ்.ஐ.யிலும் சில மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

2011-ல் அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கும் இருக்கிறார். அதன்பிறகு அம்மா மில்லுக்குப் போய்க் கேட்டார். நாற்பது தாண்டியவர்களை எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வேன் இரண்டாவது தடவை வரவில்லை.

வேலைக்குப் போனபின் இதே கணக்கை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். 2019, நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு டெக்னீசியனுக்கு 500 ரூபாய் சம்பள உயர்வு எழுதிக் கொடுத்தேன். "சார், வேண்டாம் சார்" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் சம்பளம் 20,800. ஈ.எஸ்.ஐ. உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000. அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. 500 ரூபாய்க்காக அதை விடச் சொல்கிறேன் நான்! ஓவர்டைம் கொடுங்கள், அது உச்சவரம்புக் கணக்கில் சேராது என்று அவரே வழி சொன்னார். எங்கள் அக்கவுண்ட்ஸ் குமாஸ்தா இன்னொன்று சொன்னார். உயர்வை ஏப்ரலில் கொடுத்தால் உடனே வெளியே. மே மாதம் கொடுத்தால் அந்தச் சந்தா காலம் முடிகிற செப்டம்பர் கடைசி வரை உறுப்பினர். ஒரு மாதம் தள்ளியதில் அவ்வளவு வித்தியாசம்!

இதைச் சோம்பேறித்தனம் என்கிறவர்கள் தங்கள் வீட்டு மின்சார மீட்டரைப் பார்க்கலாம். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கு 2.25-க்குப் பதில் 4.50 ஆனது. ஆக, அந்தக் கட்டணத்தில் 501-வது யூனிட் ஒன்றின் விலை 233 ரூபாயாக இருந்தது. ரீடிங் எடுக்க வருகிற வாரத்தில் ஏ.சி.யை அணைக்காதவர் இந்த அரங்கில் யார்? கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரிந்தவர்கள்தான் நாம் எல்லாரும்.

என் தோழன் சொன்ன அரிசிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். மில்லுக்குப் போனதற்காக அரிசியை யாரும் நிறுத்துவதில்லை. அதனால் அரிசிக்காக வேலையை வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. பள்ளிச் சத்துணவும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது 2.5 லட்சம் வருமான வரம்பு வைத்தார்கள். மகன் 12,000 சம்பளத்துக்குப் போனால் அம்மாவின் 1,000 போகலாம். அதற்காக மகனை எந்த வீட்டிலும் உட்கார வைக்கமாட்டார்கள். ஜனங்களுக்குக் கழித்தல் தெரியும். அவர்களைக் கட்டிப்போடுவது ஆஸ்பத்திரி. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டித் தெரியாத செலவு அது.

பிரேசிலில் 2023-ல் ஒரு வழி செய்தார்கள். உதவி பெறும் குடும்பத்தின் வருமானம் வரம்பை (அதிலும் ஓர் அளவுக்குள்) தாண்டினால் உடனே வெட்டாமல், இரண்டு வருஷம் வரை பாதித் தொகை கொடுத்தார்கள். மோட்டாரை ஒரேயடியாக ட்ரிப் பண்ணாமல் வேகத்தைக் குறைக்கிற மாதிரி. எலெக்ட்ரிகல்காரர்களுக்குப் புரியும். அரசாங்கம் அதைச் செய்யட்டும், நம் கையில் இருப்பது வேறு. மில், பேண்டேஜ் கம்பெனி என்று நடத்துகிற நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். வேனில் அனுப்புகிற ஆளிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்புங்கள். சேருகிற நாளிலேயே ஈ.எஸ்.ஐ. பதிவு, வீட்டில் யார் யாருக்கு வைத்தியம் கிடைக்கும், பெரிய சிகிச்சைக்கு எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் எழுதுங்கள்.

முன்வரிசை நண்பனிடம் காலையில் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். "செஞ்சு பார்க்கிறேன்டா" என்று ஒத்துக்கொண்டான். ஆள் வந்தார்களா இல்லையா என்று அடுத்த சந்திப்பில் அவனே மேடைக்கு வந்து சொல்லட்டும்.