கார்ப்பெட்டுக்கு அடியில்



அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா ஓட்டிய வண்டியை விற்க மனசு வருமா? உட்புறத்தைப் புதுப்பிக்கணும் என்றால், உடனே சீட் கவர் வாங்க ஓடாதீர்கள். முதலில் பழைய கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கண்ணாடி ரப்பரோ கதவு ரப்பரோ ஒழுகலாம். ஒருவர் வெளியே தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இடம் தெரிந்துவிடும். ஒழுகலை அடைத்து, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்தபிறகுதான் புதுக் கார்ப்பெட். அடித்தகடு ஓட்டையாகியிருந்தால் வெல்டரிடம் விடுங்கள்.

விளக்கோ பாட்டு செட்டோ மாட்டுமுன் பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான். கம்பி சுற்றினால் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். வகுப்பில் படித்த ஜூல் விதிதான்!

பின்சீட்டில் உட்காரப்போவது நம் பிள்ளைகள் ஆச்சே!