தலையில் அடிபட்டவனைத் தனியாக விடாதீர்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலையில் வழுக்கி விழுவதையும் குளவிக் கொட்டையும் பற்றி இங்கே பல தடவை பேசிவிட்டோம். இன்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன். மளிகைக் கடையில் நிற்கிறவன் நிழலில்தானே நிற்கிறான் என்று நிம்மதியாக இருக்கிறோம். 50 கிலோ சீனி மூடையோடு அவன் ஏணியில் ஏறி இறங்குவது நமக்குத் தெரிவதில்லை.

என் அக்கா மகன் பரணிலிருந்து பருப்பு மூடை இறக்கும்போது ஏணி சறுக்கி விழுந்தான். காதுக்கு மேலே, சிமெந்துத் தரையில் அடி. இரத்தம் வரவில்லை. எழுந்து தேத்தண்ணி குடித்தான், சிரித்துப் பேசினான். "கொஞ்சம் படு" என்று பின்னறைக்கு அனுப்பினார்கள். அவன் இரண்டு தரம் வாந்தி எடுத்ததைக் கண்ட இன்னொரு பையன், முதலாளியைக் கேட்காமலே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தான். அன்றிரவே மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள். பிழைத்தான். அந்தப் பையனின் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

காதுக்கு மேலே எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கம் இரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு வெடித்துக் குழாய் கிழிந்தால் இரத்தம் உள்ளே தேங்கி மூளையை நெரிக்கும். அதற்குச் சில மணி நேரமும் ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகவே பேசுவான்.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, கை கால் சோர்வு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிதல், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிதல்: இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. சாராயமும் வேண்டாம், அஸ்பிரினும் வேண்டாம்.

இன்னொன்று. கூடப் போன கடை ஆள் ஆஸ்பத்திரியில் "அறையில் விழுந்தான்" என்று சொல்லிவிட்டார். அதைத் திருத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கடைப் பிள்ளைக்கும் அது உண்டு. நியமனக் கடிதம் இல்லை, வாய்ப்பேச்சில் சேர்ந்தவன் என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் வேலை செய்யும்போதுதான் விழுந்தான் என்பது முதல் நாளே துண்டில் எழுதப்பட்டிருந்தால் பாதிப் பாடு குறையும்.

இன்றிரவு பிள்ளை போன் எடுக்கும்போது கடையின் விலாசத்தையும், கூட வேலை செய்கிற ஒருவரின் நம்பரையும் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அதற்கென்று ஒரு கொப்பி போட்டிருக்கிறோம்.