விழித்திருக்கும் தொப்பி
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு தொப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

ஆண்டு எட்டில் ஆங்கிலப் பாடம். கதையில் ஒரு கனவான் 'வைட்அவேக்' அணிந்து வருகிறார். மிஸ் என்னை எழுப்பி அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொன்னார். "கனவான் நன்றாக விழித்துக்கொண்டு வந்தார்" என்றேன். "அது அவருடைய தலையில் இருப்பது, பிள்ளை" என்றார் மிஸ். சிரிப்பு அடங்கிய பிறகு விளக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் போட்ட, அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பியாம் அது. பெயர் ஒரு சிலேடை. துணிமேல் எழுந்து நிற்கும் மென்மயிருக்கு ஆங்கிலத்தில் 'நாப்' என்று பெயர். குட்டித் தூக்கத்துக்கும் அதே சொல்தான். இந்தத் தொப்பியில் அந்த மயிர் கிடையாது. 'நாப்' இல்லாதது தூங்காது, தூங்காதது விழித்திருக்கும்! அன்றிலிருந்து ஒரு வருடம் எனக்கு அதுதான் பட்டப்பெயர். இன்று வாசலிலும் இரண்டு பேர் அப்படியே கூப்பிட்டார்கள்.

நம் பக்கத்து வெயிலில் கம்பளி சரிவராது. இங்கே வெள்ளைக்காரர் தலையில் ஏறியது 'சோலா' தொப்பி. சூரியனைக் குறிக்கும் 'சோலார்' என்ற சொல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஒரு நீர்ச்செடியின் பெயர். தமிழில் நெட்டி. தஞ்சாவூரில் கோவில் உருவங்கள் செய்கிறார்களே, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிறார்களே, அதே நெட்டிதான். சூரியக் கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்று அக்கால வைத்தியர்கள் நம்பினார்கள். முதுகெலும்புக்கும் ஆபத்து என்று துணிப்பட்டை வைத்துக் கட்டியவர்களும் உண்டு. என் தொழிலின் முன்னோர்கள், என்ன செய்ய! வெப்பத்தாக்கு என்பது உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி ஏறுவது. காற்றில்லாத குசினிக்குள்ளும் அது வரும். அதற்குத் தண்ணீர், ஓய்வு, உடலைக் குளிரவைத்தல்தான் வேண்டும்.

ஆகவே தொப்பியை நானும் பெரிதாக மதித்ததில்லை, மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காலைவரை.

நான் கண் வைத்திய நிபுணர் அல்ல. வெளிநோயாளர் பிரிவில் இருப்பவள். அன்று வந்தவள் ஆண்டு எட்டில் என் பக்கத்து இருக்கைக்காரி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, உடப்புப் பக்கம் வாடியில் கருவாடு காயவைக்கப் போனவள். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்திருந்தது. வலக்கண்ணில் அது கறுவிழிமேல் ஏறிப் பார்வையின் வாசலுக்கே வந்துவிட்டது. ஒருமுறை வெட்டி எடுத்தும் திரும்ப வளர்ந்திருந்தது. கிரேக்க மொழியில் இதற்குச் 'சிறு சிறகு' என்று பொருள்படும் பெயர். வெயிலின் புற ஊதாக் கதிர் இதற்கு முக்கிய காரணம். கடற்கரையில் அது மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த மணல் அதில் ஏறக்குறைய 15 வீதத்தையும் அலைநுரை 25 வீதத்தையும் திருப்பி முகத்தில் அடிக்கின்றன.

"தலையில் ஒன்றும் போடுவதில்லையா?" என்றேன்.

"துவாய் கட்டுவேன்தானே."

துவாய் உச்சிக்கு நிழல். கண்ணுக்கு நிழல் விளிம்பால்தான் வரும். மணலிலிருந்து திரும்பும் கதிருக்கு விளிம்பும் போதாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். ஆனாலும் மேலிருந்து வருவதில் பெரும்பகுதியைத் தொப்பி தடுக்கும். "ஆம்பிளையள் வள்ளத்தில போடுற தொப்பியை நான் போட்டா ஊரே சிரிக்கும்" என்றாள். பிறகு அவளே, "வைட்அவேக்கா?" என்று கேட்டாள். முப்பது வருடத்துக்குப் பிறகு!

அவளுக்கு மறுபடி சத்திரசிகிச்சை நடந்தது. இம்முறை கண்ணின் மேல்சவ்விலிருந்தே சிறு துண்டு எடுத்து ஒட்டினார்கள். அப்படிச் செய்தால் திரும்ப வளர்வது குறைவு. இடக்கண்ணுக்கு இன்னும் அவசரமில்லை.

போகும்போது, தன் மகள் இந்தப் பாடசாலையில்தான் படிக்கிறாள், இல்ல விளையாட்டுப் போட்டிக்காகத் தினமும் வெயிலில் அணிநடை பழகுகிறாள் என்றாள். அன்று முழுக்க அது என் மனதில் கிடந்தது. நம் சிலாபத்தில் நண்பகலில் புற ஊதாச் சுட்டி 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் உச்சப் பிரிவாக வைத்திருக்கிறது. புத்தாண்டுக்கு முன்னே, ஏப்ரல் முற்பகுதியில், சூரியன் நேரே உச்சிக்கு வந்துவிடும். கண்ணில் சதை நாற்பது வயதில் தெரிந்தாலும் வெயில் பன்னிரண்டு வயதிலிருந்தே கணக்கில் ஏறுகிறது.

சீருடையில் தொப்பி இல்லை என்று எனக்கும் தெரியும். தலைமயிரை இரண்டாகப் பின்னி வெள்ளை நாடா கட்டு என்று எழுதிய விதியில் ஒரு வரி சேர்க்க அதிபர் அவர்களைக் கேட்கிறேன். மைதானப் பயிற்சியைக் காலை எட்டரைக்குள் முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. தொப்பிச் செலவைப் பழைய மாணவிகள் சங்கம் ஏற்கலாம். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

பின்வாசல் மேசையில் பனையோலையில் முடைந்த பன்னிரண்டு தொப்பிகள் இருக்கின்றன. விளிம்பு 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாது, அளந்துதான் வாங்கினோம். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பவள் அவள்தான். தேநீருக்குப் போகுமுன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எந்த அளவு வேண்டுமென்று அவளிடம் சொன்னால் எழுதிக்கொள்வாள்.