கரிசல் மண்ணும் கணினித் திரையும்



'அறிவியல் வகுப்பில் தொழில்நுட்பம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினியர் ஆச்சே, கருவிகளைப் புகழ்ந்து தள்ளுவான் என்று நினைத்திருப்பார்கள் போலும்! புதியம்புத்தூர் வட்டாரப் பள்ளிகளுக்கு நம் சங்கம் பெரிய திரை வாங்கித் தரும் யோசனை இருப்பதால், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

படங்களுக்குப் பஞ்சமில்லை. 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு வந்தது, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் மணற்கேணி செயலி. ஆனால் படம் ஓடி, மணி அடித்து, எல்லோரும் எழுந்து போனால் அதற்குச் சினிமாக் கொட்டகை போதுமே! எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேட்பது என்று ஆசிரியர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் கோவில்பட்டிச் சரக்குதான். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இவற்றைத் தனியே வாங்கி வகுப்பில் கலந்து காட்டுவது ஆபத்து. ஆனால் ஆசிரியர் ஒரு குச்சியை உரசுவதை, நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்போனில் பிடித்து 30 படமாக ஓட்டினால், 1 நொடி 8 நொடியாக நீளும். 'நெருப்பு முதலில் எங்கே தெரியும்?' என்று கேட்டு, பிள்ளைகள் நோட்டில் பதில் எழுதிய பிறகு ஓட்டுங்கள். தன் பதில் சரியா தப்பா என்று பார்க்கிற ஆவலில் ஒருத்தர்கூடத் தூங்கமாட்டார்கள்.

கரிசல் மண்ணுக்கு மட்டும் படம் கடைசியில்தான் வேண்டும். காய்ந்த மண்ணைப் பொடித்துக் கண்ணாடி டம்ளரில் பாதி போட்டு, மேல்மட்டத்தில் கோடு கிழித்து, தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் மண் கோட்டைத் தாண்டி உப்பியிருக்கும். அப்படியென்றால் கோடையில் நம் காடு ஏன் பாளம் பாளமாக வெடிக்கிறது? கேள்வி தானாக வரும். மாண்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் தாதுவின் ஏடுகளுக்கிடையே நீர் புகுவது கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் அனிமேஷன் கைகொடுக்கும். அதை முதலிலேயே போட்டுவிட்டால் வாசலில் கிடக்கும் மண்ணை யாரும் தொடமாட்டார்கள்.

ரெடிமேட் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மிஷினை இறக்கிவிட்டுத் தையல் பழக்காமல் போனால் சட்டை வருமா? ஆகவே திரைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை டம்ளர், தராசு, லென்ஸ் வாங்கவும் ஆசிரியர் பயிற்சிக்கும் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து கூட நிற்க நான் தயார். வர விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.